திரைக்கு வெளியே ஒரு கால்

அந்தக் கடற்கரை ஊர்களில் என்னை எல்லோரும் நர்சம்மா என்றே கூப்பிட்டார்கள். நான் நர்சு இல்லை. எனக்கு ஊசி போடத் தெரியாது, கட்டுக் கட்டத் தெரியாது. செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையை ஒட்டியிருந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகடு கழுவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. இதை ஊர் ஊராக விளக்கிச் சொல்லி அலுத்துப்போய் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். வெள்ளைப் புடவை கட்டிய பெண் ஜீப்பிலிருந்து இறங்கினால் அவள் நர்சம்மாதான். அதற்கு மேல் யோசிக்க யாருக்கும் நேரம் இல்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்திய டாக்டருக்கு நரம்புப் பைத்தியம். பெருவியாதி, அதாவது தொழுநோய், வந்தவர்களுக்குக் கையும் காலும் ஏன் மரத்துப்போகின்றன, எந்த நரம்பு முதலில் சாகிறது, எது தப்பிக்கிறது என்பதையே பகலெல்லாம் பேசுவார். முன்கோபி. நானும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒரே அறையில் வேலை செய்தும் கண்ணாடிச் சாமான்கள் உடையாமல் இருந்ததை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

சேர்ந்த புதிதில் ஒருநாள் ஜீப்பில் போகும்போது அவர் சொன்னார்: "உன் கால் கட்டைவிரல்ல ஒரு எறும்பு ஊர்ந்தா உனக்குத் தெரியுது இல்லையா? அந்தச் சேதி எத்தனை கை மாறி முதுகுக்கு வருதுன்னு நினைக்கிறே? ஒரு கையும் மாறல. விரல் நுனியிலிருந்து முதுகெலும்பு வரைக்கும் ஒரே இழை. கண்ணுக்குத் தெரியாத ஒரே இழை, அவ்வளவு நீளம்." நான் குனிந்து என் செருப்புக்குள் இருந்த கட்டைவிரலைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து என்னோடு இருந்த விரல். அன்றைக்கு முழுக்க அதை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பொருள் என் உடம்புக்குள் இருக்கிறது, யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

வாரம் ஒருமுறை திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போவோம். சதுரங்கப்பட்டினத்தில் இடிந்த கோட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பூவரச மரத்தடியில் மேசை போடுவோம். மீன்பிடிக்கிறவர்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், சவுக்கு வெட்டுகிறவர்கள் என்று கூட்டம் சேரும். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சுத் திரியால் தோலைத் தொடுவார் டாக்டர். தொட்ட இடத்தை அவர்கள் விரலால் காட்டவேண்டும். பாதிப்பேர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே காட்டுவார்கள். பரீட்சையில் தேறிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைப்பு.

அப்படி ஒரு நாள் கூண்டு வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டியின் வாயில் வெள்ளைத் துணி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முதலில் ஒரு அம்மாள் இறங்கினார். கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். வண்டிக்குள் இருப்பது அவருடைய மருமகள்.

"டாக்டரய்யா, வயசுப் பொண்ணு. மூஞ்சிய காட்டமாட்டா. அன்னிய ஆம்பளகிட்ட பேசவும் மாட்டா. காலத்தான் காட்டுவா," என்றார். "இன்னா கேக்கணுமோ என்கிட்ட கேளுங்க. நான் அவள கேட்டுச் சொல்றேன்."

துணிக்கு அடியிலிருந்து ஒரு கால் வெளியே வந்தது. வலது கால். பாதம் இருமடங்கு வீங்கி, மேலெல்லாம் முடிச்சு முடிச்சாகக் கட்டிகள். சில கட்டிகளின் உச்சியில் சின்னச் சின்னத் துளைகள். வீக்கம் வற்றுவதற்காக எரியும் மஞ்சள் கொம்பால் கணுக்காலைச் சுற்றி வரிசையாகச் சூடு போட்டிருந்தார்கள். அந்தத் தழும்புகள் கொலுசு மாதிரி வட்டமாக இருந்தன.

டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டார். மாமியார் துணிக்குள் தலையை விட்டார். ஏதோ முணுமுணுப்பு. தலை வெளியே வந்தது.

"வலியே இல்லியாம்."

"எப்போதிலிருந்து இப்படி?"

மறுபடி தலை உள்ளே போய் வெளியே வந்தது. "கண்ணாலத்துக்கு முந்தியே சின்னதா இருந்துச்சாம். பாதத்துல முள்ளு குத்தி, அப்பால ஒரு உருண்ட மாதிரி தங்கிப்போச்சாம். எங்ககிட்ட அப்ப சொல்லல." அந்தக் கடைசி வாக்கியத்தை வண்டிக்குக் கேட்கும்படி சொன்னார். "புள்ள பொறந்த பொறவு இப்பிடி ஆயிப்போச்சு. வைத்தியரு பெருவியாதின்னுட்டாரு."

வலிக்காத வீக்கம் என்றால் அந்தக் காலத்தில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது அந்தச் சொல்தான். டாக்டர் பஞ்சுத் திரியை எடுத்தார். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் தொட்டார். மாமியார் உள்ளே போய் வந்தார். "தெரியலியாம்." பாதத்தின் மேலே தொட்டார். "தெரியலியாம்." குதிகாலில் தொட்டார். "வெரலாண்ட இன்னாவோ பட்டாப்பல இருந்துச்சாம்." டாக்டரின் முகம் சிவந்தது. தொடுவது குதிகாலில், தெரிவது விரலில் என்றால் என்ன நரம்பு அது? என்னைக் கூப்பிட்டு, உள்ளே கைவிட்டு முழங்காலின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா பார், பெருவியாதி என்றால் அது தடிக்கும் என்றார்.

நான் வண்டிக்குள் ஏறினேன். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். ரவிக்கை நனைந்து பால்கறை படிந்திருந்தது. நரம்பைத் தடவிப் பார்த்தேன். தடிப்பு இல்லை, மெல்லிசாக விரலுக்கடியில் நழுவியது.

"குழந்தை எங்கே?" என்று கேட்டேன்.

"வூட்ல கீது. நான் தொடக்கூடாதுன்னுட்டாங்க." வெளியே கேட்காமல் பேசினாள். "பின்னால சாமான் ரூம்புல இருக்கேன். சஹன்ல உக்கார வுடறதில்ல. மச்சானுக்கு வேற எடத்துல பொண்ணு பாக்கறதா பேசிக்கிறாங்க."

மச்சான் என்றது கணவரை. சஹன் என்பது அவர்கள் வீட்டில் நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடும் பெரிய தட்டு. அதிலிருந்து ஒருத்தியை விலக்கிவிட்டால் வீட்டிலிருந்தே விலக்கிவிட்ட மாதிரிதான்.

"நர்சம்மா, எனக்கு காலு நல்லாவணும்னுகூட இல்ல," என்றாள். "இது ஒட்டிக்குமா? நான் புள்ளய தூக்கலாமா, கூடாதா? அத ஒண்ண கேட்டுச் சொல்லுங்க."

நான் இறங்கி டாக்டரிடம் நரம்பு தடிக்கவில்லை என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். தோல் செத்துவிட்டது என்கிறது ஒரு பரிசோதனை, நரம்பு நன்றாக இருக்கிறது என்கிறது இன்னொன்று. ஒன்றோடு ஒன்று ஒத்துவரவில்லை. செங்கல்பட்டுக்கு அழைத்து வாருங்கள், அங்கே வைத்துப் பார்க்கவேண்டும் என்று மாமியாரிடம் சொன்னார். குழந்தையைத் தூக்கலாமா என்ற கேள்வியை நான் கேட்டேன். இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார்.

அவர்கள் வந்துவிட்டார்கள். அதற்காகவே அந்த மாமியாரை எனக்குப் பிடித்துப்போயிற்று. மருமகளைச் சாமான் அறையில் வைத்தவர்தான். ஆனால் அவளைத் தனியாக எங்கும் அனுப்பவும் அவருக்கு மனசு வரவில்லை. மருத்துவமனையின் பெண்கள் பக்கத்தில் ஒரு கட்டிலைச் சுற்றிப் புடவையைக் கட்டித் திரையாக்கிவிட்டு, தானே காவலுக்கு உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் இந்த முறை பஞ்சைத் தொடவில்லை. சீமையிலிருந்து வரவழைத்த ஒரு பெட்டியை எடுத்து வந்தார். குச்சிகளின் நுனியில் விதவிதமான தடிமனில் முடி ஒட்டியிருக்கும். எந்த முடி வளையும் அளவுக்கு அழுத்தினால் உணர்ச்சி தெரிகிறது என்று பார்த்தால் நரம்பின் நிலை தெரியும்.

மாமியார் பெட்டியை உற்றுப் பார்த்தார். "இது இன்னா மசுரு?"

டாக்டருக்குப் பொய் சொல்ல வராது. "பன்றி முடி," என்றார்.

அவ்வளவுதான். மாமியார் திரைக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றுவிட்டார். டாக்டர் வாய் திறப்பதற்குள் நான் என் பின்னலிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினேன். சோப்புப் போட்டுக் கழுவி, தீக்குச்சியின் நுனியில் மெழுகால் ஒட்டினேன். "இது என் முடி. உங்க எதிர்லதான் பிடுங்கினேன்," என்று மாமியாரிடம் நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி, இது பரவால்ல," என்றார். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இருந்ததா எரிச்சல் இருந்ததா என்று தெரியவில்லை.

கால் திரைக்கு வெளியே வந்தது. டாக்டர் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் முடியின் நுனியை வைத்தார். எடுத்தார். மாமியார் தலையை உள்ளே விட்டுக் கேட்டார். "தெரியலியாம்." அடுத்த இடத்தில் வைத்தார், எடுத்தார். "தெரியலியாம்." மூன்றாவது தடவை டாக்டர் முடியை வைத்தபோது அவர் கை அப்படியே நின்றது. கட்டைவிரல் சுருங்கியதை அவரும் பார்த்துவிட்டார், நானும் பார்த்துவிட்டேன். நத்தையைத் தொட்டால் கொம்பை இழுத்துக்கொள்வது போல இழுத்துக்கொண்டது.

"அம்மா," என்றார் மாமியாரிடம், குரலை மிகவும் தணித்து, "நீங்க அவங்ககிட்ட என்ன கேக்கறீங்க? அப்படியே சொல்லுங்க."

"இன்னா கேப்பேன்? இப்ப தெரியுதா புள்ளன்னு கேக்கறேன்."

"அவங்க?"

"இப்ப தெரியலன்றா."

டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் தொட்டு, கையை எடுத்து, மாமியார் திரையை விலக்கித் தலையை விட்டு, இப்போது தெரிகிறதா என்று கேட்கும்போது காலில் ஒன்றுமே இல்லை. இப்போது தெரியவில்லை என்று அந்தப் பெண் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். பூவரச மரத்தடியிலும் அதேதான் நடந்திருக்கிறது; குதிகாலுக்கு என்று வந்த பதில் முதலில் விரலருகே தொட்டதற்கானது. முதுகெலும்பு வரை ஒரே இழையில் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விட்ட சேதி, அங்கிருந்து மாமியார் வழியாக டாக்டரிடம் வந்துசேர்வதற்குள் செத்துப்போயிருந்தது.

மாமியாருக்கு விஷயம் புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும் முகம் வாடிவிட்டது. "அப்ப நான்தான் கெடுத்தனா?"

"இல்லம்மா. காத்திருக்காதவன் நான்," என்றார் டாக்டர். முன்கோபிகளுக்கு இப்படிச் சில நல்ல நேரங்கள் உண்டு.

டாக்டரை வெளியே நிற்கவைத்துவிட்டு நான் திரைக்குள் போனேன். கண்ணைக் கட்டத் துணி தேடவேண்டியிருக்கவில்லை. அவள் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். ஓரக்கண்ணால் பார்க்கிற திருட்டுத்தனமும் இல்லை. என் முடியை அவள் காலில் வைத்தேன். முடி வளைந்தது. அதன் கனம் என்று சொல்வதற்கு ஒன்றுமே இல்லை, என் விரலுக்கே அது தெரியவில்லை.

"இங்க," என்று விரலை நீட்டினாள். சரியாக அதே இடம்.

இன்னொரு இடத்தில் வைத்தேன். "இங்க." கட்டிகளுக்கு நடுவில் வைத்தேன். "இங்க." விரல் இடுக்கில் வைத்தபோது சிரித்துவிட்டாள், கூசுகிறதாம். வீங்கி, துளைகள் விழுந்து, பார்ப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்தக் கால் ஒரு முடியின் தொடுதலைத் தவறவிடவில்லை. எனக்குப் புல்லரித்தது. கோயிலுக்குப் போனாலும் எனக்கு அப்படி ஆகிறதில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

பிறகு கணுக்காலுக்கு வந்தேன். முடியை வைத்தேன். பதில் இல்லை. அழுத்தினேன். பதில் இல்லை. பக்கத்தில் வைத்தேன், அங்கும் பதில் இல்லை. அப்புறம்தான் நான் வைத்தது மஞ்சள் கொம்புத் தழும்புகள் மேல் என்று உறைத்தது. இரண்டு தழும்புகளுக்கு நடுவில், கோதுமை அகலத்துக்கு இருந்த நல்ல தோலில் முடியை வைத்தேன்.

"இங்க," என்றாள்.

"எல்லா இடத்துலயும் தெரியுது," என்று திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். "சூடு போட்ட இடத்துல மட்டும்தான் இல்ல."

"நரம்பு உயிரோட இருக்கு," என்றார் டாக்டர், திரைக்கு வெளியிலிருந்து. "இது பெருவியாதி இல்ல."

அவள் துப்பட்டியை விலக்கினாள். "அப்ப நான் புள்ளய தூக்கலாமா?"

அது என்ன என்று தெரியாமல் டாக்டர் வாக்குக் கொடுக்கமாட்டார். ஒரு கட்டியின் துளையை மெல்ல அழுத்தி, வந்ததைத் துணியில் எடுத்து வரச் சொன்னார். கசிந்த நீரோடு கறுப்புக் கறுப்பாகக் குருணைகள் வந்தன. கடுகைவிடச் சின்னவை. கழுவிவிட்டு ஒன்றை நசுக்கி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். எனக்கு நுண்ணோக்கி புதிதில்லை. ஆனாலும் மூச்சை இழுத்துக்கொண்டேன். அந்தக் கறுப்புத் துளிக்குள் ஒரு காடே இருந்தது. பழுப்பு நிறத்தில் இழைகள், கிளை கிளையாகப் பிரிந்து, பின்னி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு.

"பூஞ்சணம்," என்றார் டாக்டர், கண்ணை எடுக்காமல். ஊறுகாய் ஜாடியில் படர்கிற ஜாதி. இது மண்ணில், காய்ந்த முள்ளில் கிடக்கிறது. முள்ளோடு காலுக்குள் போய், வலிக்காமல், அவசரப்படாமல், வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்தியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அபூர்வமாகத்தான் கண்ணில் படும் என்றார். வெளியே எடுத்து வளர்த்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்.

குழாய்களில் அதற்கு உணவு தயார் செய்தேன். சர்க்கரை சேர்த்த கூழை அகர் போட்டு இறுகவைக்கவேண்டும். அவள் தடியை ஊன்றிக்கொண்டு ஆய்வுக்கூடத்து வாசல்வரை வந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நர்சம்மா, இது கடப்பாசி இல்ல? நோம்புக்குக் காய்ச்சுவோமே."

நான் அகர் டப்பாவைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அதேதான். கடலில் விளையும் பாசியைக் காய்ச்சி எடுப்பது. அவர்கள் பாலும் சர்க்கரையும் விட்டு நோன்பு திறக்கும்போது துண்டு போட்டுச் சாப்பிடுகிறார்கள். நான் சீமைப் பெயரை வைத்துக்கொண்டு பெரிய விஷயம்போல அளந்து போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"இதுதானா? எங்க கடையிலயே கீது," என்றாள்.

அடுத்த முறை அவள் கணவர் சாப்பாடு கொண்டுவந்தபோது வெள்ளை நார் நாராக ஒரு கட்டுக் கடல்பாசியும் கொண்டுவந்தார். டப்பாவில் இருந்தது தீரும் தறுவாயில் இருந்ததால் பாதிக் குழாய்களை அதில்தான் ஊற்றினேன். இரண்டிலும் வித்தியாசம் இல்லாமல் இறுகியது. ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புக் குருணையை வைத்து மூடினேன்.

பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் காத்திருக்கத் தெரியாது. தினமும் எடுத்துப் பார்த்து டாக்டரிடம் திட்டு வாங்கினேன். பிறகு ஒரு காலையில் ஒரு குருணையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம் கிளம்பியிருந்தது. அப்புறம் அது படர்ந்தது, மடிந்தது, அடியில் இருந்த பாசியெல்லாம் காப்பி நிறமாக மாறியது. நான் குழாயை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலுக்கு ஓடினேன்.

அவள் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்தினி வருசமா என் கால்ல குடியிருந்தது இதுதானா?"

"ஆமாம்."

"வாடக கூட குடுக்கல," என்றாள். மாமியார் சிரித்துவிட்டார். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவள் கணவர் அதிகம் பேசாதவர். மனைவி முகத்தை நேராகப் பார்க்காமல் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர். டாக்டர் அவரை அழைத்து நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சவுக்கு வேரு மாதிரி கீதே," என்றார்.

"இது ஒருத்தர்கிட்டேயிருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது," என்றார் டாக்டர். "மண்ணுல இருக்கு. முள்ளுல ஏறிப் போச்சு. அவ்வளவுதான்."

"அப்ப நாங்க..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே அழுதார். நான் வேறு பக்கம் திரும்பிக் கழுவின தகடுகளையே மறுபடி கழுவினேன்.

இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எக்ஸ்ரே எடுத்தார்கள். பாத எலும்புகள் பூச்சி அரித்த மரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தன. பெருவியாதியாக இருந்திருந்தால் மாத்திரை வந்துவிட்டது, வருஷக்கணக்கில் கொடுத்தால் கால் மிஞ்சியிருக்கும். இந்தப் பூஞ்சணத்துக்கு அப்போது மருந்தே கிடையாது. விட்டால் மேலே ஏறும். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். எல்லோரும் பயந்து நடுங்கும் நோய் காலை விட்டுவைக்கும், யாருக்கும் ஒட்டாத சாது நோய் காலைக் கேட்கும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. டாக்டரிடம் சண்டை போட்டேன், அவர் என்னவோ பூஞ்சணத்துக்குச் சொந்தக்காரர் என்பதுபோல.

அவளிடம் அவரே சொன்னார். திரைக்கு வெளியே உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நிறுத்தி. மாமியார் நடுவில் புகவில்லை. டாக்டர் காத்திருந்தார். பிறகு அவள் குரலே நேராக வந்தது, அவரிடம் முதல்முறையாக.

"கால எடுத்துட்டா, அதுவும் அதோட போயிடுமா?"

"போயிடும்."

"எடுத்துடுங்க."

"உங்க குழந்தையை இன்னைக்கே தூக்கலாம்மா. ஆபரேஷன் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அழைச்சிட்டு வரச் சொல்லட்டுமா?"

"வேணாம் டாக்டரய்யா," என்றாள். "நீங்க சொல்றீங்க, மச்சான் கண்ணால பாத்தாரு, மாமிக்கும் புரிஞ்சிடுச்சி. ஆனா இந்தக் காலு இருக்கற வரைக்கும், நான் புள்ளய தொட்டா வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு கூசும். எம் புள்ளய நான் தூக்கறப்ப யாரும் கூசக்கூடாது. காலு போவட்டும். அப்பால எடுத்துகினு வாங்க."

முட்டாள்தனம் என்று எனக்குக் கோபம் வந்தது. கையெட்டும் தூரத்தில் இருப்பதை இவ்வளவு நாள் ஏங்கிவிட்டு இன்னும் தள்ளிப்போடுகிறாளே என்று. அறைக்குப் போய் யோசித்தபோதுதான் அவள் தன் வீட்டை எங்களைவிட நன்றாகப் படித்திருக்கிறாள் என்று தெரிந்தது.

எடுத்த கால் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. டாக்டரும் நானும் அதை அறுத்துப் பார்த்தோம். தசை, கொழுப்பு, எலும்பு எல்லாவற்றிலும் கறுப்புக் குருணைகள் கூடு கட்டியிருந்தன. அதற்கு நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு நரம்பு, ஒரு கீறல் இல்லாமல், நேராகப் போய்க்கொண்டிருந்தது. அக்கம்பக்கமெல்லாம் தின்ற பூஞ்சணம் அதைத் தொடாமல் விலகிப் போயிருந்தது. ஏன் என்று டாக்டருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும்போது அவர் குரல் தழைந்திருந்தது. நாங்கள் இருவரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் ஒரு முடியின் கனத்தை அவளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இதுதான்.

கட்டுப் பிரித்துப் புண் ஆறிக்கொண்டிருந்த சமயத்தில் ஒருநாள் அவள் என்னைக் கூப்பிட்டாள். சொல்லத் தயங்கினாள்.

"நர்சம்மா, சொன்னா சிரிப்பீங்க. பெருவெரலு அரிக்குது. இல்லாத கால்ல."

ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜுரம் இல்லை. டாக்டரிடம் ஓடினேன். அவர் குழந்தை மாதிரி பூரித்துப்போய் வந்தார். வெட்டிய இடத்துக்கு மேலே நரம்பு உயிரோடுதான் இருக்கிறது, அதில் ஒரு சேதி வந்தால் உடம்பு அதை விரலிலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது என்று சொன்னார்.

"அப்ப அது பொய் சொல்லுதா?" என்று அவள் கேட்டாள்.

டாக்டர் யோசித்தார். "பொய்னு சொல்ல எனக்கு மனசு வரல," என்றார். "முழுசா யாருக்கும் தெரியாதும்மா."

அதற்குப் பிறகு வந்த ஒரு மத்தியானத்தில் மாமியார் இடுப்பில் குழந்தையோடு வந்தார். பெண் குழந்தை. பின்னால் தூக்குப்பாத்திரத்தோடு கணவர். மாமியார் கட்டிலில் துணி விரித்து ஒரே ஒரு தட்டை வைத்தார். சோற்றைப் போட்டு, ஆணம் என்று அவர்கள் சொல்லும் குழம்பை ஊற்றி, தானும் சப்பணமிட்டு உட்கார்ந்து, "கை வை புள்ள," என்றார். அவள் துப்பட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வைத்தாள். இருவரும் ஒரே தட்டில் பிசைந்தார்கள்.

ஆனால் குழந்தை அம்மாவிடம் போகவில்லை. அதற்கு அவளைத் தெரியவில்லை. கட்டிலில் இறக்கிவிட்டதும் அவள் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. பிறகு அவளுக்கு எதிர்ப்பக்கமாகத் தவழ்ந்து போய்க் கட்டிலின் கடைசியில், இடது காலுக்குப் பக்கத்தில், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. போர்வையின் நூலை இழுத்து விளையாட ஆரம்பித்தது. எனக்குத் தாங்கவில்லை. மாமியாரும் சோற்றுக் கையோடு எழுந்து, மற்றக் கையால் குழந்தையை வாரி அவளிடம் கொடுக்கப் போனார்.

"இருக்கட்டும் மாமி," என்றாள். "எடுக்காதீங்க. என் காலு மேலதான் உக்காந்துகினு கீறா."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் போலக் கேட்டேன், எனக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்?

"எந்தக் கால் மேல?"

"இந்தக் கால் மேல." வலது பக்கம் கையைக் காட்டினாள்.

"கனமா இருக்கா?"

அவள் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள், முடியால் தொட்டுப் பார்த்த அன்று செய்த மாதிரி. மாமியார் கையில் பிசைந்த சோற்றோடு நின்றார். கணவர் வாசலில் நின்றார். குழந்தை நூலை இழுத்துக்கொண்டிருந்தது. இந்த முறை யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"நல்லா கனமா கீறா," என்றாள்.